‘ஏதோ இருக்கிறம்’: மகிழ்ச்சியைக் கணக்கெடுப்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில்

வடக்கிலோ கிழக்கிலோ ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் “எப்படி இருக்கிறியள்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் “ஏதோ இருக்கிறம்” என்ற பதில்தான் வரும். நன்றாக இருப்பதாகவும் அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேள்வி அவர் ஒருவரைப் பற்றியது. ஆனால், பதில் “இருக்கிறன்” என்று வருவதில்லை, “இருக்கிறம்” என்று பன்மையில் வருகிறது. இதைச் சும்மா பேச்சுவழக்கு என்று விட்டுவிடலாம். ஆனால், மனிதர்கள் தமது வாழ்க்கையிலும் உறவுகளிலும் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று அளப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இந்தப் பன்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 20ஆம் திகதி சர்வதேச மகிழ்ச்சி தினத்தை ஒட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளியாகிறது. 2025ஆம் ஆண்டு அறிக்கையில் 147 நாடுகளில் இலங்கைக்கு 133ஆவது இடம். பின்லாந்து தொடர்ந்து எட்டாவது தடவையாக முதலிடம். நமது ஊடகங்கள் வழக்கம்போல இதை ஒரு பரீட்சைப் பெறுபேறுபோல வெளியிட்டன. முகநூலில் இரண்டு நாட்கள் பகிடிகள் ஓடின. பிறகு மறந்துபோனது.

அந்த இலக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ஹட்லி கன்ட்ரில் என்ற அமெரிக்க சமூக உளவியலாளர் 1960களில் உருவாக்கிய ஒரே ஒரு கேள்விதான் அதன் அடிப்படை. ஓர் ஏணியைக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களுக்குச் சாத்தியமான மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமான வாழ்க்கை அடியில். இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கலப் நிறுவனம் ஒரு நாட்டில் வழக்கமாக ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 பேரிடம் இதைக் கேட்கிறது. மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரியே அந்த நாட்டின் புள்ளி. தலாவருமானம், இடரில் கைகொடுக்க ஆள் இருக்கிறதா, ஆரோக்கிய ஆயுள், சுதந்திரம், ஈகை, ஊழல் ஆகிய ஆறு காரணிகளைக் கூட்டிக் கழித்துத்தான் தரவரிசை போடுகிறார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அந்த ஆறும் நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டை விளக்கப் பயன்படுகின்றன. தரவரிசையைத் தீர்மானிப்பது ஏணியில் மக்களே காட்டிய படி மட்டுமே.

2025 அறிக்கைக்கான தரவுகள் 2022 முதல் 2024 வரையானவை. அதாவது, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலமும் இதற்குள் அடக்கம். இலங்கையின் புள்ளி 4ஐத் தொடாததில் வியப்பில்லை.

இதில் நாம் எங்கே இருக்கிறோம்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 இலட்சத்துக்குச் சற்று மேல். வட மாகாணத்தில் இருந்தவர்கள் 10 இலட்சத்து 61 ஆயிரம் பேர், ஏறத்தாழ 5 சதவீதம். 1,000 பேரை விகிதாசாரப்படி தெரிவுசெய்தால் வடக்கிலிருந்து ஐம்பது பேர் வருவார்கள். அதற்குள் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே 133 என்பது இலங்கையின் இலக்கம். நமது இலக்கம் அதற்குள் எங்கோ கரைந்திருக்கிறது.

எந்த ஆண்டோடு ஒப்பிடுவது?

சரி, நமது ஊர்களில் மட்டும் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் விடை கிடைத்துவிடுமா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஏணியின் படியைச் சொல்ல ஒருவர் தனது வாழ்க்கையை ஏதோ ஒன்றோடு ஒப்பிட வேண்டும். 2009 மே மாதம் ஒரு சொப்பிங் பையோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இன்று அவரிடம் இரண்டு அறை வீட்டுத்திட்ட வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, முற்றத்தில் நாலு தென்னை நிற்கிறது. மெனிக்பாம் கூடாரத்தோடு ஒப்பிட்டால் அவர் ஏழாம் படியில் நிற்கலாம். 2004இல் கணவனும் மூத்த மகனும் இருந்த வீட்டோடு ஒப்பிட்டால் இரண்டாம் படி. இரண்டுமே உண்மையான பதில்கள். காலையில் ஒன்றையும் இரவில் மற்றதையும் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

எட் டீனர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. ஐந்தே ஐந்து கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. ஐந்தாவது கூற்றின் சாரம் இது: வாழ்க்கையை இன்னொரு தடவை வாழக் கிடைத்தாலும் கிட்டத்தட்ட எதையுமே மாற்ற விரும்பமாட்டேன். 1983இல் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடியவர், 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போனவர், அதே ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம், 1995 ஒக்டோபர் கடைசியில் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தவர். இவர்களில் யாரிடம் இந்தக் கூற்றை வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவைத் தூக்கி வைத்திருப்பது? மாற்ற விரும்புவது அவர்கள் செய்த எதையும் அல்ல. அவர்களுக்குச் செய்யப்பட்டதை. அந்த வேறுபாட்டைக் குறிக்க அளவுகோலில் இடமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதுதான் எனக்குக் கூடுதல் அச்சம் தருவது. பொருளியலாளர் அமர்த்தியா சென் தனது எழுத்துகளில் ஒரு பழைய கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டுவார். வங்காளப் பெரும் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில், மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடல்நிலை பற்றி விசாரித்தார்கள். தாம் நோயுற்றிருப்பதாகவோ சுமாரான உடல்நிலையில் இருப்பதாகவோ சொன்ன ஆண்கள் 48.5 சதவீதம். பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 சதவீதம். விதவைகளின் உண்மையான நிலை ஆண்களைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும். ஆனால், தமது உடம்பைப் பற்றி முறைப்பாடு சொல்வதற்கே தமக்கு உரிமை உண்டு என்று அவர்கள் நினைக்கவில்லை. இல்லாமையோடு நீண்டகாலம் வாழ்பவர் தனது எதிர்பார்ப்பையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறார் என்பது சென்னின் வாதம்.

நமது பெண் தலைமைத்துவக் குடும்பங்களை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். உடம்பில் செல் துண்டோடு கச்சான் விற்கப் போகிறவர், “எனக்கென்ன, பிள்ளைகள் படிச்சாக் காணும்” என்று சொல்பவர், ஏணியில் ஐந்தாம் படியைக் காட்டினால் அதை ‘நடுத்தரத் திருப்தி’ என்று அட்டவணையில் போடலாம். போட்ட பிறகு ஏதாவது விளங்குமா?

நல்ல உறவு என்ன செய்கிறது

இவ்வளவு குறைகளுடனும் இந்த ஆய்வுகளை முற்றாகத் தூக்கியெறிய எனக்கு மனமில்லை. ஏனெனில் வேறுவேறு முறைகளில் நடந்த ஆய்வுகள் ஒரு விடயத்தில் வந்து சேர்கின்றன. வாழ்க்கைத் திருப்தியில் உறவுகளின் பங்கு மிகப் பெரியது.

இதில் அதிகம் பேசப்படுவது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வளர்ந்தோர் ஆய்வு. 1938இல் தொடங்கியது. 268 ஹார்வர்ட் மாணவர்கள் ஒருபுறம், பொஸ்டன் நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த 456 பையன்கள் மறுபுறம். அவர்களுடைய வாழ்நாள் முழுவதும், பலருடைய மரணம் வரை, பின்தொடர்ந்தார்கள். எல்லோரும் வெள்ளையின ஆண்கள், மனைவிமாரைப் பிற்காலத்தில்தான் சேர்த்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. அதில் கண்டது: ஐம்பது வயதில் ஒருவருடைய கொலஸ்ட்ரோலைவிட, அவர் தனது உறவுகளில் எவ்வளவு திருப்தியாக இருந்தார் என்பதே எண்பது வயதில் அவருடைய ஆரோக்கியத்தை நன்றாக முன்னுரைத்தது. அதே ஆய்வின் எண்பது வயதுத் தம்பதிகளிடம் நாளாந்தம் விசாரித்தபோது, உடம்பு நோ கூடிய நாட்களிலும் உறவில் திருப்தியுள்ளவர்களின் மனநிலை பெரிதாகக் கீழே போகவில்லை. உறவு சரியில்லாதவர்களுக்கு உடம்பு நோவோடு மனநோவும் சேர்ந்து ஏறியது. நல்ல உறவு நோவை நிறுத்துவதில்லை. நோ மனதுக்குள் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை அது தீர்மானிக்கிறது.

இழப்பைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. ஜேர்மனியில் 24,000க்கும் அதிகமானவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தரவுகளை ரிச்சர்ட் லூக்கசும் சகாக்களும் 2003இல் ஆராய்ந்தார்கள். துணையை இழந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி சடுதியாக விழுந்து, சராசரியாக ஏழெட்டு ஆண்டுகளில் பழைய மட்டத்துக்கு அண்மையில் வந்தது. சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். சிலர் திரும்பி வரவேயில்லை.

இந்த ஏழெட்டு ஆண்டுக் கணக்கை நமது ஊருக்குக் கொண்டுவந்தால் 2017 அளவில் எல்லோரும் மீண்டிருக்க வேண்டும். ஆனால், 2017 பெப்ரவரி 20ஆம் திகதிதான் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகத் தாய்மார் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். ஜேர்மன் கணக்கில் மரணத்துக்கு ஒரு திகதி இருக்கிறது, ஒரு கல்லறை இருக்கிறது. இங்கே மணிக்கூடு ஓடத் தொடங்கவேயில்லை.

போலின் பொஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு பணியாற்றியபோது இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘தெளிவற்ற இழப்பு’ எனலாம். ஆள் இல்லை, ஆனால் இறந்தார் என்றும் இல்லை. இதில் வரும் துயரம் அந்த மனிதரின் மனநோய் அல்ல, அவர் நிற்கும் நிலைமையே அப்படிப்பட்டது என்பது அவர் வலியுறுத்தும் விடயம். துக்கத்தை முடித்துக்கொள்ளச் சொல்லி அவர்களை நெருக்குவது உதவாது என்றும் அவர் சொல்கிறார்.

நமது வழமைகளுக்குள் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய முடிச்சு என்பது தெரியும். திதி தெரியாமல் திவசம் செய்ய முடியாது. எட்டுச்செலவும் அந்தியேட்டியும் இல்லாமல் துடக்குக் கழியாது. பொட்டு வைப்பதா, விடுவதா? கல்யாண வீட்டில் முன்னால் நிற்பதா, பின்னால் நிற்பதா? பிள்ளையின் பாடசாலைப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ போடுவதா? மரணச் சான்றிதழ் எடுத்தால் காணிக்கும் வங்கிக் கணக்குக்கும் வழி பிறக்கும், ஆனால் தன் கையாலேயே மகனைக் கொன்றதுபோல இருக்கும். இதற்காகத்தான் 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அலுவலக வேலைக்கு அது உதவும். ஆனால், உண்மை தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் அல்ல. அதைக் கேட்டபடியே அந்தக் கொட்டகைகளில் இருந்த தாய், தகப்பன்மார் பலர் இறந்துவிட்டார்கள்.

ஊர் என்ற உறவு

உறவு என்றதும் மேற்கத்தைய ஆய்வுகள் பெரும்பாலும் கணவன், மனைவி, இரண்டு மூன்று நெருங்கிய நண்பர்கள் என்று எடுத்துக்கொள்கின்றன. நமக்கு ஒரு வளவுக்குள் நாலு வீடு, வேலிப் பொட்டுக்குள்ளால் போய்வரும் மாமி, கோயில் திருவிழா உபயகாரர், மீன் வாடி, மாதர் சங்கம் எல்லாமே உறவுதான். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ‘கூட்டு மனவடு’ என்று எழுதியது இதைத்தான். யுத்தம் தனிமனிதரின் மனதை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் ஒருவரில் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்துச் சிதைத்தது.

யுத்தம் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ். மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க சஞ்சிகையில் வெளியானது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்கான அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடமும், பதகளிப்பு 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் இவை அதிகம். ஆனால், அவர்கள் அனுபவித்த கொடூரங்களைக் கணக்கில் எடுத்தபோது இடம்பெயர்வு தனியாக வேறுபாடு காட்டவில்லை. இது நோயைத் தேடிய ஆய்வு. நோய் இல்லாத மற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அது கேட்கவில்லை, கேட்க வந்ததும் இல்லை. காயத்ரி பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர்கள் இலங்கை மக்களே சொன்ன கதைகளிலிருந்து இங்கேயே அளவுகோல்களை உருவாக்க முயன்றது இதனால்தான். இறக்குமதி செய்த பட்டியலில் இல்லாத துன்பங்கள் இங்கே உண்டு, இல்லாத பலங்களும் உண்டு.

யுத்தத்துக்குப் பின் வந்தவையும் ஊர் உறவைத் தின்றன. நுண்நிதிக் கடன் ஓர் உதாரணம். குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்பதுதான் அதன் முறை. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒரே மாதத்தில் கடன் வசூலிப்பவராகிவிடுகிறார். இடரில் கைகொடுக்க ஆள் இருக்கிறதா என்ற அந்த மகிழ்ச்சிக் கேள்விக்கு, கைகொடுத்தவரே கதவைத் தட்டும் இடத்தில் என்ன பதில் சொல்வது?

இன்னொன்று நாமே செய்வது. மகிழ்ச்சியாக இருப்பதற்கு நமது சமூகம் சிலருக்கு அனுமதி கொடுப்பதில்லை. கணவனை இழந்த முப்பத்தைந்து வயதுப் பெண் நல்ல சீலை உடுத்தால் கதை வரும். மறுமணம் செய்தால் “அவன் போராடிச் செத்தவன், இவள்...” என்று வரும். புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் பெண் போராளிகள் படும் பாட்டைத் தனியாகவே எழுத வேண்டும். முள்ளிவாய்க்காலில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஒருவர் பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த கணமே வாயைப் பொத்திக்கொள்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சிரித்தால் மறந்துவிட்டதாகிவிடும் என்ற பயம் அது.

அந்தப் பயத்துக்கு அரசியல் காரணமும் இருக்கிறது. நாளைக்கே ஒரு கணக்கெடுப்பில் வடக்கு மக்கள் ஏணியில் ஏழாம் படி என்று வந்தால், “பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது, நீதியும் விசாரணையும் எதற்கு” என்று கொழும்பிலிருந்து ஒரு குரல் வரும். இரண்டாம் படி என்று வந்தால், முழுச் சமூகத்தையும் நோயாளியாக்கிச் செயற்றிட்ட முன்மொழிவு எழுத வேறு சிலர் வருவார்கள். இரண்டு வாசிப்பும் பிழை. ஒருவர் தனது வாழ்க்கையில் திருப்தியாக இருப்பதும், தனது பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பதும் இரு வேறு கணக்குகள். ஒன்றில் வரவு வைத்து மற்றதில் கழிக்க முடியாது. வழக்கில் நிற்கும் தாய் சிரிக்கலாம், தோட்டம் செய்யலாம், மறுமணம் செய்த மருமகளோடு நல்லபடியாக இருக்கலாம். அதனால் அவருடைய வழக்கு ஒரு சொல்லும் குறையாது.

2025 மகிழ்ச்சி அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஒரு வாரத்தின் பதினான்கு பகல், இரவுச் சாப்பாடுகளில் எத்தனையைத் தெரிந்த இன்னொருவரோடு சேர்ந்து சாப்பிட்டீர்கள் என்று உலகெங்கும் கேட்டிருக்கிறார்கள். வருமானமும் வேலையின்மையும் எவ்வளவு தூரம் வாழ்க்கைத் திருப்தியைச் சுட்டுகின்றனவோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கும் சுட்டியிருக்கிறது. தென்னாசியா இதில் கீழ் வரிசையில் நிற்கிறது. விருந்தோம்பலைப் பற்றி இவ்வளவு பேசும் நமக்கு இது சற்று உறைக்கும்.

ஏணியைவிட இந்தக் கேள்வி நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதில் ஒப்பீடு இல்லை, மாற்றிக்கொள்ள விரும்பும் கடந்தகாலம் இல்லை, புள்ளி இல்லை. பிள்ளைகள் ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, தெல்லிப்பழையிலோ மாங்குளத்திலோ தனியே இருக்கும் தாய், தகப்பனிடம் நாம் தினமும் வட்ஸ்அப்பில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறோம். “ஓம், சாப்பிட்டம்” என்று அதிலும் பன்மையில்தான் பதில் வருகிறது, வீட்டில் ஒருவர் மட்டுமே இருந்தாலும். அடுத்த தடவை அழைக்கும்போது, ஆரோட இருந்து சாப்பிட்டனீங்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரோடும் இல்லை என்று தெரிந்தால், காசு அனுப்புவதோடு நிறுத்தாமல் பக்கத்து வீட்டுக்கும் ஒரு அழைப்பு எடுக்கலாம். அது போதாத அளவுக்குச் சோர்ந்திருக்கிறார்கள் என்று பட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளும் இருக்கின்றன.